பழைய லொறியின் புகை வடிகட்டி: கழற்றி எறிவதா, காப்பாற்றுவதா?

சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்த நேரம் சாரதியிடமிருந்து அழைப்பு வந்தது. "முதலாளி, லொறி ஏறுதில்ல. ரெண்டாவது கியர்லயும் இழுக்குதில்ல. டாஷ்போட்ல மஞ்சள் லைட் பத்துது" என்றார். கொழும்பிலிருந்து கூரைத் தகடும் பி.வி.சி. குழாயும் பெயின்ட் வாளிகளும் ஏற்றிக்கொண்டு அக்குறணைக்கு வந்துகொண்டிருந்த லொறி, மாவனெல்லையைத் தாண்டி, கடுகண்ணாவ ஏற்றத்தின் பாதியில் ஓரங்கட்டி நிற்கிறது. பின்னால் பஸ்காரர்கள் ஹோர்ன் அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது.

அரைவாசிப் பொருளை வேறொரு லொறிக்கு மாற்றி, மிகுதியோடு எமது லொறி ஊர்ந்து வீடு வந்து சேர இரவு பதினொரு மணி. அடுத்த நாள் காலை தகடுக்குச் சொல்லி வைத்திருந்த கொந்தராத்துக்காரர் பொறுக்கவில்லை, கண்டியில் வாங்கிவிட்டார். மாற்று லொறிக்குக் கொடுத்த கூலியையும் கைவிட்டுப் போன வியாபாரத்தையும் கூட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

எமது லொறி 2007இல் ஜப்பானில் செய்தது. 2011இல் ரீகண்டிஷனாக வாங்கினேன். வயது போனாலும் உடம்பு நல்லது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் இப்படியான லொறிகளை விற்க யாரும் விரும்பவில்லை. 2025இல் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டாலும், வரியையும் சேர்த்துப் பார்த்தால் மாற்று லொறி என்பது எம்மைப் போன்ற நடுத்தர வியாபாரிகளுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே இருப்பதைத்தான் ஓட்ட வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததும் அதனால்தான். என்னைப் போலப் பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய ஜப்பான் லொறியை வைத்துக்கொண்டு, கராஜில் சொல்வதற்குத் தலையாட்டும் சகோதரர்கள் ஏராளம்.

கராஜில் சொன்ன தீர்ப்பு

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் லொறியை வழமையான கராஜுக்குக் கொண்டு போனோம். பாஸ் தம்பி கெட்டிக்காரர், எனக்குப் பல வருடப் பழக்கம். பார்த்தவுடன் சொன்னார்:

"நானா, என்ஜின்ல ஒண்டும் இல்ல. ஜப்பான்காரன் வச்சிருக்கிற குப்பைதான் அடைச்சிக்கிட்டு. ஈ.ஜீ.ஆர். பைப்புக்கு ஒரு தகடு வச்சி மூடுவம். சைலன்சருக்கு முன்னுக்கு ஈக்கிற அந்தப் பெரிய டப்பாவ வெட்டி உள்ளுக்கு ஈக்கிறத எடுத்துப் போட்டு திரும்ப ஒட்டுவம். லெப்டொப் பொடியன் வந்து கணினிப் பெட்டில அத அழிச்சி விடுவான். லொறி பறக்கும்."

செலவு 45,000 ரூபா. அதோடு, டப்பாவுக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற மட்பாண்டக் கட்டியை வாங்குவதற்கு ஆள் இருக்கிறது, 30,000 தருவார் என்றும் சொன்னார். அதில் பூசப்பட்டிருப்பது பிளாட்டினம். அப்படியானால் எனக்குக் கையால் போவது 15,000 மட்டும். லொறி திங்கட்கிழமை ஓடும்.

வியாபாரி ஒருவனுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை ஏது? நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் லெப்டொப் பொடியன் அன்று ஊரில் இல்லை. அந்த இரண்டு நாள் தாமதம்தான் என்னை யோசிக்க வைத்தது. என் கெட்டித்தனம் என்று இதில் ஒன்றும் இல்லை.

அந்தப் "குப்பை" செய்யும் வேலை

முதலில் ஈ.ஜீ.ஆர். என்ஜின் வெளியே விடும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்துத் திரும்பவும் காற்று உள்ளே போகும் பாதையில் கலந்து விடும் ஏற்பாடு இது. ஏன் இந்தப் பைத்தியக்கார வேலை என்று தோன்றும். டீசல் எரியும்போது சூடு அளவுக்கு மீறினால் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகிறது. ஏற்கனவே எரிந்த புகையைக் கொஞ்சம் கலந்தால் ஒட்சிசன் குறையும், சூடு தணியும், அந்த வாயுவும் குறையும். இதற்கு விலையாகக் கரி கொஞ்சம் கூடுகிறது. அந்தக் கரியைப் பிடிக்கத்தான் பின்னால் வடிகட்டி. ஆக இரண்டும் ஒன்றையொன்று நம்பி வைக்கப்பட்டவை.

டி.பி.எப். என்ற வடிகட்டியை ஒரு கம்பனி டி.பி.டி. என்றும் ஹினோ டி.பி.ஆர். என்றும் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே. ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் கொண்ட மட்பாண்டக் கட்டி. ஒவ்வொரு குழாயும் ஒரு பக்கம் அடைக்கப்பட்டிருக்கும், ஆதலால் புகை சுவரை ஊடுருவித்தான் வெளியேற வேண்டும். கரி சுவரில் தங்கும். நிரம்பியதும் கணினிப் பெட்டி கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, வடிகட்டியை 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை அறிய வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு ரப்பர் குழாய்கள் ஒரு சென்சருக்குப் போகின்றன. அந்த ரப்பர் குழாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

"ஈ.ஜீ.ஆரை மூடினால் ஏற்றத்தில் இழுவை கூடும்" என்பது எமது சாரதிமார் எல்லோரும் நம்பும் ஒன்று. நானும் நம்பினேன். உண்மை என்னவென்றால், சுமையோடு அக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கணினிப் பெட்டி அந்த வால்வைத் தானாகவே மூடிவிடுகிறது. கடுகண்ணாவ ஏற்றத்தில் ஈ.ஜீ.ஆர். வேலை செய்வதே இல்லை. சமதரையில், அரைக் கால் மிதியில் ஓடும்போதுதான் அதற்கு வேலை. அப்படியானால் மூடியவுடன் சில லொறிகள் இழுக்கின்றனவே? அவற்றில் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே சிக்கியிருக்கும். திறந்தபடி சிக்கிய வால்வைத் துப்புரவு செய்தாலும் அதே இழுவை வரும்.

இரண்டாவது கண்

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒருவர் ஸ்கேனர் வைத்து வேலை செய்கிறார் என்று மச்சான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை லொறியை மெதுவாக உருட்டிக்கொண்டு அங்கே போனோம். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு மணித்தியாலம் ஸ்கேனரைப் பார்த்தார், பிறகு ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். ஒயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது.

"ஹாஜி, ஒயில் ஊத்தாமலே கூடியிருக்கு. இது டீசல்."

அப்போதுதான் சங்கதி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு இன்ஜெக்டர்கள் கசிகின்றன. கசியும் டீசல் முழுதாக எரியாமல் கரியாகிறது. கரி வடிகட்டியை வேகமாக நிரப்புகிறது. வடிகட்டி அடிக்கடி தன்னை எரித்துத் துப்புரவாக்க முனைகிறது, அதற்காக விடும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஒயிலுக்குள் இறங்குகிறது. இதற்கு மேலே, நான் சொன்ன அந்த ரப்பர் குழாய்களில் ஒன்று வெடித்திருந்தது. சென்சர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

எமது ஓட்டமும் காரணம். கொழும்புப் பயணம் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. மற்ற நாட்களில் பூஜாப்பிட்டி, அலவத்துகொடை, கல்ஹின்னை என்று சீமெந்து மூட்டை இறக்கப் போவது. ஐந்து கிலோமீற்றர் ஓட்டம், அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டபடியே இறக்குதல், திரும்ப ஐந்து கிலோமீற்றர். வடிகட்டி சூடேறவே சந்தர்ப்பம் இல்லை. அது எரிக்கத் தொடங்கும், சாரதி என்ஜினை நிறுத்துவார். மறுபடி தொடங்கும், மறுபடி நிறுத்துவார். டாஷ்போட்டில் பச்சையாக மின்னும் விளக்கு என்ன என்று சாரதிக்கும் தெரியாது, பதினான்கு வருடம் லொறியை வைத்திருந்த எனக்கும் தெரியாது. ஜப்பான் மொழியில் எழுதியிருந்த பொத்தானை யாரும் அமுக்கியதே இல்லை.

பாஸ் தம்பியின் யோசனைப்படி வடிகட்டியை எறிந்திருந்தால் லொறி திங்கட்கிழமை பறந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. கசியும் இன்ஜெக்டர் கசிந்தபடியே இருந்திருக்கும். அது கடைசியில் பிஸ்டனில் ஓட்டை போடும் என்பது டீசல் என்ஜின் தெரிந்த எவரும் சொல்லும் விடயம்.

கணக்கு

எமது பத்தியில் கணக்கு இல்லாமல் எப்படி? துண்டுகளை எடுத்து வைத்து எழுதுகிறேன். இரண்டு இன்ஜெக்டர் திருத்த 96,000. ஈ.ஜீ.ஆர். வால்வும் காற்றுப் பாதையும் கழற்றிக் கரி எடுத்து, கெஸ்கட் மாற்ற 14,000. வடிகட்டியைக் கழற்றி, தலைகீழாகக் காற்றும் நீரும் செலுத்திச் சாம்பலை எடுத்து, உலர்த்திப் பூட்ட 32,000. ரப்பர் குழாய் 3,500. ஒயிலும் பில்டரும் 28,500. ஸ்கேனர் பார்த்ததற்கு 8,000. மொத்தம் 182,000 ரூபா.

முதல் பார்வையில் 15,000 எங்கே, 182,000 எங்கே என்றுதான் தோன்றும். அன்றிரவு நானும் தூங்கவில்லை. ஆனால் இதில் எதெதை எப்படியும் செய்தே ஆக வேண்டியிருந்தது என்று பிரித்துப் பாருங்கள். இன்ஜெக்டர் செய்யாமல் லொறி ஓட்ட முடியாது. டீசல் கலந்த ஒயிலை மாற்றாமல் ஓட்ட முடியாது. வருத்தம் என்ன என்று பார்த்த கூலியும் எப்படியும் போகிறது. அந்த 132,500ஐக் கழித்தால், புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் காப்பாற்றுவதற்கென்று நான் உண்மையில் செலவழித்தது 49,500. எறிவதற்கு 15,000. வித்தியாசம் 34,500 ரூபா. இரண்டு நாள் மாற்று லொறி பிடித்தால் போய்விடும் காசு.

கராஜில் சொல்லும் தொகைக்கும் இதற்கும் இடையில் எமது ஆட்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வடிகட்டி அடைபட்டதற்கு யார் காரணம் என்ற கேள்வியைக் கேட்காமல் வடிகட்டியையே குற்றவாளியாக்கி விடுகிறோம்.

"எமிஷன் டெஸ்ட் பாஸ்தானே?"

இதுதான் அடுத்த வாதம். 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியதிலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப் பத்திரம் எடுக்க முடியாது. வடிகட்டியை எறிந்த லொறிகளும் டெஸ்டில் தேறுகின்றனவே, பிறகென்ன என்று புறக்கோட்டையில் ஒரு ஹாஜியார் என்னிடம் கேட்டார். பத்துக்கு மேல் லொறி ஓட்டுகிறவர், அனுபவசாலி. அவர் சொன்னது பொய்யல்ல.

டீசல் வாகனத்துக்குச் செய்யும் டெஸ்ட் என்ன? கியர் போடாமல் அக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதித்து, வெளிவரும் புகை எவ்வளவு கறுப்பு என்று கருவியால் பார்க்கிறார்கள். நைதரசன் ஒட்சைட்டு கண்ணுக்குத் தெரியாதது, அந்தக் கருவி அதைப் பார்ப்பதும் இல்லை. ஈ.ஜீ.ஆரை மூடினால் கரி சற்றுக் குறையும் என்பதால் டெஸ்டில் இன்னும் இலகுவாகவே தேறலாம். டெஸ்டுக்குப் போகும் காலையில் பம்பிலுள்ள ஸ்க்ரூவைக் குறைத்து, சான்றிதழ் கைக்கு வந்த பின் கூட்டிவிடும் பழைய லொறிக்காரர்களும் எம்மத்தியில் இருக்கிறார்கள், அது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல.

இதில் எமது கராஜ்காரர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பனிகளில் ஒன்றான வொக்ஸ்வேகன் டெஸ்ட் நடக்கும்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளைக் கார்களில் வைத்தது 2015 செப்டெம்பரில் அம்பலமானது. உலகம் முழுவதும் சுமார் 11 மில்லியன் வாகனங்கள். அங்கும் மறைத்தது இதே நைதரசன் ஒட்சைட்டைத்தான். லெப்டொப் பொடியன் எமது ஊரில் மட்டும் இல்லை.

சான்றிதழ் வருமான அனுமதிப் பத்திரத்துக்குப் போதும். லொறி என்ன விடுகிறது என்பதற்கு அது முழுச் சாட்சியல்ல. நான் ஹாஜியாரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நீங்க யாருக்காகச் செய்றீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது.

லொறிக்குப் பின்னால் நிற்பவர்கள்

புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் லொறிகள், எல்லாம் என்ஜின் ஓடியபடி. நாட்டாமிமார் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தால்தான் போய் வர வேண்டும். முதலாளி போய்விடுவார், சாரதி போய்விடுவார், அவர்கள் நாள் முழுக்க அங்கேயே. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. அது வரைக்கும் சந்தேகப் பட்டியலில் இருந்த ஒன்று.

எனக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி உண்டு. கடைக்கு மேல்மாடியில்தான் நாம் குடியிருக்கிறோம். லொறி நிற்பது பின் முற்றத்தில், உம்மாவின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே. முன்னர் வைத்திருந்த தொண்ணூறுகளின் லொறி சுபஹுக்குப் பின் ஸ்டார்ட் ஆகும்போது உம்மா ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்கும். உம்மாவுக்கு நீண்ட காலமாக முட்டு வருத்தம். 2011இல் இந்த லொறி வந்து ஒரு கிழமையில் அவர் கேட்டார்: "இப்ப லொறி வெள்ளன போறல்லியா? மணம் ஒண்டும் வருதில்ல." லொறி அதே நேரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கராஜில் 15,000 ரூபாவுக்கு வேலையை முடித்துத் தருவதாகச் சொன்ன அந்த இரண்டு நாளில்தான் உம்மா கேட்டது ஞாபகம் வந்தது.

இந்த வடிகட்டிகள் ஜப்பானுக்கே சும்மா வந்தவையல்ல. 1999இல் டோக்கியோ ஆளுநராக இருந்த ஷின்டாரோ இஷிஹாரா, டீசல் கரி அடைத்த ஒரு பிளாஸ்டிக் போத்தலைப் பத்திரிகையாளர்களுக்கு முன் எடுத்துக் காட்டினார். 2003 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து டோக்கியோவிலும் அதைச் சூழ்ந்த சைத்தாமா, சிபா, கனகாவா மாகாணங்களிலும் கரி நியமத்துக்கு அமையாத டீசல் லொறிகள், அங்கீகரிக்கப்பட்ட வடிகட்டிக் கருவி பூட்டாமல் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. அங்கும் லொறிக்காரர்கள் செலவைச் சொல்லி முறையிட்டார்கள். எமது வீதியில் ஓடும் ஜப்பான் லொறிகள் அந்தக் காலத்துப் பிள்ளைகள்.

டீசலும் ஒயிலும்

இனி கசப்பான பகுதி. பாகங்களை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தால் அவற்றுக்கு ஏற்ற உணவையும் கொடுக்க வேண்டும். ஜப்பானில் 2007 முதல் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எமது சாதாரண ஓட்டோ டீசலில் அது பல மடங்கு. கந்தகம் பிளாட்டினப் பூச்சை மந்தமாக்கும், வடிகட்டியையும் கெடுக்கும். 2018இல் யூரோ 4 தரத்தில் சுப்பர் டீசல் வந்த பிறகு இதற்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் விலை வித்தியாசம் சின்னதல்ல, மாதாந்த விலைத் திருத்தத்தோடு அதுவும் மாறிக்கொண்டிருக்கும்.

நான் இப்போது இந்த லொறிக்குச் சுப்பர் டீசல் மட்டும்தான் அடிக்கிறேன். மேலே சொன்ன 34,500 ரூபா ஒரு முறைச் செலவு, இது மாதாமாதம் போகிறது. இதை மறைத்து எழுதினால் கணக்குப் பொய்யாகிவிடும். வாடகைக்கு லொறி ஓட்டி, ஒரு ட்ரிப்புக்கு இவ்வளவு என்று சுருக்கிப் பிழைக்கும் ஒருவரால் இது முடியாமல் போகலாம். அப்படியானவர் வடிகட்டி உள்ள லொறியை வாங்கும் முன்பே இதை யோசித்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வாங்கிய பின் வெட்டி எறிவதைவிட அது நேர்மையான வழி.

ஒயில் விடயம் அவ்வளவு பாரமில்லை. பீப்பாயிலிருந்து ஊற்றும் மலிவு ஒயிலில் எரிந்த பின் மிஞ்சும் சாம்பல் அதிகம். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது, அது வடிகட்டிக்குள் தங்கிவிடும். டப்பாவில் ஜாசோ டி.எச்.-2 என்று போட்டிருக்கும் ஒயில் வடிகட்டி உள்ள ஜப்பான் லொறிகளுக்கென்றே சாம்பல் குறைத்துச் செய்தது. பதினான்கு வருடம் நான் இதைப் பார்த்து வாங்கவில்லை.

வலியுறுத்த மாட்டேன்

எல்லா லொறிக்கும் ஒரே பதில் இல்லை. வடிகட்டிக்குள் கட்டி உருகிப் போயிருந்தால், அல்லது வெடித்துத் தூளாகியிருந்தால், அதை வைத்திருப்பதில் பயனில்லை. புதிது வாங்கப் போனால் லொறியின் பெறுமதியில் பெரும் பங்கு கேட்பார்கள். பஞ்சிகாவத்தையில் பாவித்தது தேடலாம், ஆனால் உள்ளே கட்டி இருக்கிறதா, அல்லது யாரோ விற்றுவிட்டு வெற்று டப்பாவை ஒட்டித் தந்திருக்கிறார்களா என்று டோர்ச் அடித்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் முன்னாலுள்ள ஊக்கிக் கட்டியையாவது விட்டுவையுங்கள், ஈ.ஜீ.ஆரையும் தொடாதீர்கள்.

தொண்ணூறுகளின் பழைய பம்ப் லொறி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. அதில் கழற்ற ஒன்றும் இல்லை. பம்பில் ஸ்க்ரூவைக் கூட்டாமல், நொசிலும் எயார் கிளீனரும் பார்த்து ஓட்டினால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் எமது பெற்றோல் வேனின் ஊக்கியை ஒரு பழைய இரும்புக்காரருக்கு விற்றவன் நான். நல்ல விலை தந்ததாக நினைத்தேன். பிறகு வேனை விற்கப் போனபோது வாங்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, அந்த விலையைப் போல இரண்டு மடங்கைக் குறைத்துக் கேட்டார். கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

இப்போது

லொறி திருத்தி ஒரு வருடம் நெருங்குகிறது. கடுகண்ணாவையை மூன்றாவது கியரில் ஏறுகிறது, முன்னர் போலவே. பறக்கவில்லை. ஒரு முறை மஞ்சள் விளக்கு பற்றியது. பார்த்தால் வேறொரு வயர், 1,200 ரூபாவில் முடிந்தது.

கல்ஹின்னைப் பக்கம் சீமெந்து இறக்கும்போது என்ஜினை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். கிழமைக்கு ஒரு முறையாவது நீண்ட ஓட்டம் இருக்கும்படி ட்ரிப்பை மாற்றிவிட்டேன். ஒயில் குச்சியை வெள்ளிக்கிழமை காலையில் சாரதி என்னிடம் கொண்டு வந்து காட்டுவார். கோட்டுக்கு மேல் ஏறினால் உடனே மாற்ற வேண்டும், குறைந்ததைவிட ஏறியதுதான் ஆபத்து.

பொத்தானில் ஜப்பான் எழுத்துக்கு மேல் தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். விளக்கு மின்னினால் காய்ந்த புல், பொலித்தீன், குப்பை இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு அமுக்க வேண்டும். என்ஜின் தானாக இரையும், குழாயால் சூடு அடிக்கும், கிட்டப் போகக் கூடாது. கால் மணி, இருபது நிமிடம் பிடிக்கும். போன கிழமை பேராதனைக்கு இந்தப் பக்கம் விளக்கு மின்னியதாம். சாரதி லொறியை ஓரங்கட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டு எனக்கு அழைத்தார்.

"முதலாளி, சுணங்கும். எரிஞ்சிக்கிட்டு ஈக்கிது. நான் டீ ஒண்டு குடிச்சிட்டு வாறன்."

அடுத்த மாதம் எமிஷன் டெஸ்ட்.